தீவுக்குப் போகலாம்... ராத்திரி தங்குவது எங்கே?

குழந்தைகளுக்கு லீவு விட்டால் போதும், எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சுதான். ‘எங்கேயாவது போயிட்டு வரலாமே!’ ஊரை முடிவு செய்ய அரை மணி நேரம் ஆகும். முறுக்கு சுடவும் புளியோதரைப் பொடி இடிக்கவும் இரண்டு நாள். பெட்டி கட்ட ஒரு நாள். ஆனால் ராத்திரி எங்கே படுப்பது, விடிந்ததும் எங்கே குளிப்பது என்ற கேள்வியை மட்டும் நாம் கையில் எடுப்பதே இல்லை. ‘அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்’ என்று வீட்டு ஆண்களிடம் விட்டுவிடுகிறோம். அவர்களும் வாடகையை விசாரிப்பார்கள், வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்பவர் எத்தனை பேர்?

இப்போதோ, பெண்கள் தாங்களே கூடிக் குழுவாகப் பயணம் போகும் காலம். நம் விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செராமிக் பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் பெண்கள், அகல் விளக்கும் ஃபியூஸ் கேரியரும் செய்து அடுக்கும் பெண்கள், மகளிர் குழுவில் மாதாமாதம் பணம் கட்டும் பெண்கள் என்று எத்தனையோ பேர். வாரம் பூராவும் மண்ணோடும் சூளையோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, மூன்று நாள் கடல் காற்று வேண்டும் என்ற ஆசை வந்தால் அது நியாயம்தானே?

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பெண்கள் 12 பேர், குழந்தைகள் 8 பேர், கூட இரண்டு பாட்டிமார். ஆக மொத்தம் 22 பேர். போக நினைக்கும் இடம் ராமேஸ்வரம் தீவு. நம்ம ஜங்ஷன் வழியாகவே ராத்திரி ரயில் போகிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பி வழி விடுமாம். குழந்தைகளுக்குச் சொன்னால் தூங்கவே மாட்டார்கள்!

கூட்டத்தில் யாராவது ஒரு பெண் சொல்வாள்: “அக்கா, லாட்ஜ் எல்லாம் வேண்டாம். கடற்கரையிலேயே கூடாரம் போட்டுத் தங்கினா என்ன? செலவும் குறைச்சல், பிள்ளைங்களுக்கும் குஷி.” உடனே ஒரு பாட்டி, “எனக்கு ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கணும்டி!” என்பார். இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. எப்படி முடிவு செய்வது?

முதலில், எங்கெங்கே தங்கக் கூடாது?

தீவு என்றதும் ஆள் இல்லாத மணல் திட்டில் நிலவொளியில் படுத்திருப்பது போல் மனதில் ஒரு படம் ஓடும். அந்தப் படத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். குருசடைத் தீவு முதலான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. வனத்துறை அனுமதியோடு படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே தவிர, சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் அங்கே ராத் தங்க முடியாது.

தனுஷ்கோடியும் அப்படித்தான். பகலில் போகலாம், அரிச்சல்முனை வரை ரோடு இருக்கிறது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். ஏன் என்பதற்கு அங்கே நிற்கும் இடிந்த சர்ச்சே சாட்சி. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவில் அடித்த புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும் அலை கொண்டு போனது. கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மணல்முனை பார்ப்பதற்கு அழகு, படுப்பதற்கு இடமல்ல.

நம் சொந்தக் கூடாரத்தைக் கண்ட கடற்கரையில் அடிப்பதும் சரிவராது. அது மீனவர்கள் வலை உலர்த்தும் இடமாக இருக்கும், படகு ஏற்றும் இடமாக இருக்கும். இலங்கை எல்லை பக்கத்தில் இருப்பதால் காவல் ரோந்தும் உண்டு. ஸ்காட்லாந்து தேசத்தில் 2003-இல் சட்டமே செய்து, வேலி போடாத பெரும்பாலான நிலங்களில் யார் வேண்டுமானாலும் ஓரிரு இரவு கூடாரம் போடலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறார்கள். அங்கேகூட ஸ்கை போன்ற தீவுகளுக்குக் கூட்டமாகப் போகிறவர்கள், ஒரு குழாயும் ஒரு கழிப்பறையும் உள்ள எளிய முகாமைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். தனி ஆளுக்குக் காடு போதும். குழந்தை குட்டிகளோடு போகிற கூட்டத்துக்குக் குழாய் வேண்டும்!

ஆகவே நமக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று, கோயிலைச் சுற்றியுள்ள சத்திரம், மடம், விடுதி. இரண்டு, கடற்கரை ஓரமாக ஆட்கள் வைத்து நடத்துகிற கூடார முகாம் அல்லது ஓலைக் குடில். தீவில் மட்டுமல்ல, பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் வட்டாரத்திலும் இப்படிப்பட்ட முகாம்கள் இருக்கின்றன.

ஐந்து கேள்விகள்

நம்ம பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து. கோபுரம் ஐந்து, தேர் ஐந்து, பிராகாரம் ஐந்து என்று பெரியவர்கள் அடுக்குவார்கள். அந்தக் கணக்கிலேயே நாமும் ஐந்து கேள்வி வைத்துக்கொண்டால் மறக்காது.

1. தரை எப்படி?

பட்டறையில் மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துத்தானே சேர்க்கிறோம்? கூடாரம் போடும் தரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மணலில் சாதாரண முளை நிற்காது. காற்று அடித்தால் பிடுங்கிக்கொண்டு போகும். விவரம் தெரிந்த முகாம்காரர்கள் மணல் நிரப்பிய சாக்கைப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டியிருப்பார்கள், அல்லது சிமெண்ட் மேடை போட்டிருப்பார்கள். அதைக் கேளுங்கள்.

கரையில் பாசியும் கிளிஞ்சலும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். கடல் கடைசியாக வந்து போன கோடு அது. அமாவாசை, பௌர்ணமியில் தண்ணீர் அதையும் தாண்டி ஏறும். கூடாரம் அந்தக் கோட்டிலிருந்து நன்றாக மேட்டில், உள்ளே தள்ளி இருக்க வேண்டும். தென்னை மரத்துக்கு அடியில் நிழல் சுகம்தான். தேங்காய் விழுந்தால் சுகம் இல்லை. சவுக்குத் தோப்பு காற்றைத் தடுக்கும். ஆனால் கீழே உதிர்ந்து கிடக்கும் காய்ந்த சருகு ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். தோப்புக்குள் முகாம் என்றால் சருகைக் கூட்டி வைத்திருக்கிறார்களா, அடுப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள்.

2. காற்றும் காலமும் எப்படி?

ஸ்காட்லாந்துத் தீவுகளில் ‘மிட்ஜ்’ என்று பொடிப் பூச்சி ஒன்று, காற்று நின்ற அந்திப் பொழுதில் மேகம் போல் வந்து கடிக்கும். அதனால் கொஞ்சம் காற்றாடும் இடமாகப் பார்த்துத்தான் முகாம் போடுவார்கள். நம் கொசுவுக்கும் அதே வைத்தியம்தான். காற்று இருந்தால் கொசு இல்லை. காற்று அதிகமானால் கூடாரமே இல்லை! நடுத்தரமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை ராமேஸ்வரத்துக்கு நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் பகலில் கூடாரத்துக்குள் இருக்க முடியாது, வெந்துவிடும். அந்த லீவில்தான் போக முடியும் என்றால் கூரையும் மின்விசிறியும் உள்ள அறையே மேல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் வரும் பருவம். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது இந்த நாட்களில்தான். கூடார யோசனையே வேண்டாம். தை அமாவாசை, ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் லட்சக்கணக்கில் ஜனம் கூடும். அப்போது தங்குமிடம் கிடைப்பதும் கஷ்டம், குழந்தைகளைக் கண்காணிப்பதும் கஷ்டம்.

3. தண்ணீர் எங்கிருந்து?

தீவு மணலில் ஒரு விந்தை உண்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். தனுஷ்கோடிப் பக்கம் கையால் தோண்டிய குழியில் நல்ல தண்ணீர் ஊறுவது இதனால்தான். ஆனால் மோட்டார் போட்டு நிறைய இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். பக்கத்திலேயே கழிவுக் குழி இருந்தால் கிருமியும் கலந்துவிடும். கழிவுக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர், அதாவது 100 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பொது விதி.

குளிக்கக் கிணற்றுத் தண்ணீர் இருந்துவிட்டுப் போகட்டும். குடிக்க என்ன தருகிறார்கள்? ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று போட்டாலும் 22 பேருக்கு 66 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று போதாது, நான்கு வேண்டும். ‘தண்ணி எல்லாம் இருக்கும்மா’ என்ற பதிலை ஏற்காமல், எத்தனை கேன், காசு தனியா என்று கேட்டுவிடுங்கள்.

4. கழிப்பறை எத்தனை?

சகோதரிகளே, இந்தக் கேள்விக்குக் கூச்சப்படாதீர்கள். பீங்கான் செய்கிற ஊர்க்காரர்கள் நாம். பக்கத்து வடலூரில் கழிப்பறைப் பீங்கானுக்கென்றே பேர்போன தொழிற்சாலை இருந்தது. நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

கணக்குப் பாருங்கள். குழந்தைகளை விட்டுவிட்டாலும் பெரியவர்கள் 14 பேர். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஒரே கழிப்பறையில் 140 நிமிஷம். இரண்டேகால் மணிக்கும் மேல். விடியற்காலையில் தீர்த்தமாடக் கிளம்ப வேண்டும் என்றால் மூன்று மணிக்கே வரிசை கட்ட வேண்டும்! இரண்டு இருந்தால் பாதி நேரம், மூன்று இருந்தால் நிம்மதி.

எண்ணிக்கை மட்டும் போதாது. பெண்களுக்குத் தனியா? உள்ளே தாழ்ப்பாள் உண்டா? ராத்திரி விளக்கு எரியுமா? கூடாரத்திலிருந்து எவ்வளவு தூரம்? மாதவிலக்குத் துணியையோ நாப்கினையோ போட மூடியுள்ள கூடை உண்டா? பாட்டிகளுக்கு உட்கார்ந்து எழ வசதியாக ஒரு மேல்நாட்டுப் பீங்கானாவது இருக்கிறதா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? இடம் சரியில்லை என்றால் பெண்கள் என்ன செய்கிறோம்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம்! ‘எதுக்கு வம்பு, ரூமுக்குப் போய்க் குடிச்சுக்கலாம்’ என்று வெயிலில் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு திரிகிறோம். இரண்டாம் நாள் நீர்க்கடுப்பு. சிறுநீர் சொட்டுச் சொட்டாக எரிந்து போகும். கவனிக்காமல் விட்டால் கிருமி சிறுநீரகம் வரை ஏறும். குளிர் காய்ச்சலும் விலாப்புறத்தில் வலியும் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போயாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் ஆபத்து. உல்லாசமாக இருக்கப் போன மூன்று நாள், வந்தபின் மூன்று வாரம் மருந்தாக முடிந்தவர்கள் உண்டு. கழிப்பறை சரியில்லாத முகாம், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

5. வெளியேற வழி என்ன?

நடு ராத்திரியில் இடி மின்னல் வந்தால் எங்கே ஓடுவது? திறந்த மணலில் கூடாரத்துக்குள் இருப்பது பாதுகாப்பே அல்ல. கூட்டம் முழுவதும் போய் உட்காரக் கான்கிரீட் கூரையுள்ள கட்டடம் முகாமிலேயே இருக்க வேண்டும். வண்டி வாசல் வரை வருமா? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? 108-க்குப் போன் செய்தால் வழி சொல்லும்படி அடையாளம் இருக்கிறதா? ராத்திரி காவலுக்கு ஆள் யார்?

தீவுக்கு என்றே இன்னொன்றும் உண்டு. 1988-இல் திறந்த ரோடு பாலமும் ரயில் பாலமும்தான் நமக்கு வாசல். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னலே விழாது. ஆகவே புயல் எச்சரிக்கை வந்துவிட்டால், ‘கொடுத்த காசு போகுதே’ என்று யோசிக்காமல் முதல் நாளே பாலத்தைக் கடந்துவிட வேண்டும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். 2021 ஜனவரியில் வயநாட்டில் ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கப் போன பெண் யானை தாக்கி இறந்தார். இரண்டு இடத்துக்கும் போனவர்கள் சந்தோஷமாக இருக்கத்தான் போனார்கள். எங்கே போகிறோம், அங்கே அனுமதி உண்டா, ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் போவது என்று முன்கூட்டியே கேட்பது கோழைத்தனம் அல்ல, தாயின் கடமை.

போனில் இப்படிக் கேளுங்கள்

“தம்பி, விருத்தாசலத்திலிருந்து பேசறோம். பொம்பளைங்களும் பிள்ளைங்களுமா 22 பேர் வர்றோம். எத்தனை கூடாரம் தருவீங்க?”

“நாலு பேர் கூடாரம் அக்கா, ஆறு இருந்தா போதும்.”

“நாலு பேர்னா பெட்டி படுக்கையோடயா, வெறும் ஆளா?”

இந்த இடத்தில் தம்பி கொஞ்சம் தயங்குவார். நாலு பேர் கூடாரம் என்றால் நாலு பேர் ஒட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். பைக்கு இடம் இருக்காது. குழந்தையோடு இருக்கும் தாய்க்கு மூன்று பேர் கணக்கே சரி. அப்படிப் பார்த்தால் எட்டுக் கூடாரம் வேண்டும்.

“லேடீஸ் பாத்ரூம் தனியா எத்தனை? ராத்திரி கரண்ட் போனா லைட் எரியுமா? அந்தப் பக்கம் வேற பார்ட்டி யாராவது தங்குறாங்களா? சரி தம்பி, பாத்ரூமையும் போற வழியையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பார்த்துட்டு அட்வான்ஸ் அனுப்பறோம்.”

போட்டோ அனுப்பத் தயங்குகிற இடத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். மழை எச்சரிக்கை வந்து நாம் வர முடியாமல் போனால் அட்வான்ஸ் திரும்புமா என்பதையும் செய்தியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு, போன் வைத்ததும் மறந்துவிடும்.

யார் சமைப்பது?

முகாமில் வாடகை குறைவு என்று போவோம். அங்கே போய்ப் பார்த்தால் அடுப்பு ஒன்றும் பாத்திரம் நாலும் கொடுத்து, ‘சமைச்சுக்குங்க’ என்பார்கள். யார் உட்காருவார்? எப்போதும் முன்வரும் அதே அக்காதான். மற்றவர்கள் கடலில் கால் நனைக்கும்போது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். வீட்டிலும் அடுப்படி, தீவிலும் அடுப்படி என்றால் அவருக்கு எதற்குப் பயணம்?

சாப்பாடும் சேர்த்துத் தருகிற இடமா என்று பாருங்கள். கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் அது செலவல்ல, அந்த அக்காவுக்கு நாம் கொடுக்கும் லீவு. சமைத்தே ஆக வேண்டும் என்றால் வேளைக்கு நால்வர் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். குளிருக்காகவோ மழைக்காகவோ அடுப்பைக் கூடாரத்துக்குள் மட்டும் கொண்டு போகாதீர்கள். தீயைவிடக் கொடியது அதன் புகை வாயு. வாசனையே இல்லாமல் தூக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும்.

கையோடு வையுங்கள்

• ஆளுக்கொரு டார்ச், விசில் ஒன்று. குழந்தை சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு.

• கொசுவலை, ஒரு தார்ப்பாய், துணி காயப் போடக் கயிறு.

• வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல்: சுத்தமான தண்ணீர் 1 லிட்டர், தலை தட்டிய சர்க்கரை 6 டீஸ்பூன், தலை தட்டிய உப்பு அரை டீஸ்பூன். அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

• பாட்டிமாரின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், போகிற நாளைவிட இரண்டு நாளுக்குக் கூடுதலாக.

• நகை வேண்டாம். சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர் கமலாலயத்தில் எடுத்துக்கொண்டார். நாம் கடலில் தவறவிட்டால் போனது போனதுதான்!

கடைசியில் முடிவு?

நம் 22 பேருக்கு எது ஏற்றது? இந்த ஐந்து கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் ஒரு வழி தானாகவே தெரியும். தை, மாசி மாதமாக இருந்து, கான்கிரீட் கட்டடமும் மூன்று கழிப்பறையும் உள்ள முகாம் அமைந்தால் ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். பாட்டிமாருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அங்கேயே கூரையுள்ள ஒரு அறையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த ராத்திரி கோயில் பக்கத்து விடுதியில் இருந்தால் தீர்த்தமாடவும் தரிசனத்துக்கும் சௌகரியம். குழந்தைகளின் ஆசையும் நிறைவேறும், பெரியவர்களின் உடம்பும் தேறும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கூட்டத்தில் ஓடியாடக்கூடியவளைக் கேட்டு இடத்தை முடிவு செய்யாதீர்கள். முழங்கால் வலிக்காரி, கர்ப்பிணி, பால் குடிக்கும் குழந்தையின் தாய், ‘எனக்கு எதுன்னாலும் சரிக்கா’ என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண், இவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு ஒத்துவரும் இடம் எல்லாருக்கும் ஒத்துவரும். சூளையில் வைக்கும் சாமானில் மெல்லியதை மனதில் வைத்துத்தானே நெருப்பை ஏற்றுகிறோம்?

அப்புறம் என்ன? காலண்டரை எடுங்கள், அமாவாசை இல்லாத வாரமாகப் பார்த்து வட்டம் போடுங்கள். போனை இந்தத் தடவை நீங்களே எடுத்துப் பேசுங்கள்!